வாஞ்சி மணியாச்சி சந்திப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணியாச்சி என்று சொன்னால் இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. 1911-இல் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு பக்கம். எந்த வண்டி நிற்கும், எங்கே மாறி ஏற வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகையினருக்கு வண்டிகளைப் பற்றி அக்கறை இருப்பதில்லை. இரண்டாம் வகையினருக்கு வரலாறு கேட்க நேரம் இருப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதை. மணியாச்சி ரயில் மாறும் இடமாக இருந்ததால்தான் அந்தச் சம்பவம் அங்கே நடந்தது. அதனால் இரண்டு தரப்புக் கேள்விகளையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

மணியாச்சி எங்கே இருக்கு? திருநெல்வேலி மாவட்டமா, தூத்துக்குடி மாவட்டமா?

இப்போது தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் வட்டாரம். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சுற்றிலும் கரிசல் காடு. ரயில் பாதையில் பார்த்தால் வடக்கே கடம்பூர், தென்மேற்கே நாரைக்கிணறு, கிழக்கே தட்டப்பாறை. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் தலா 30 கிலோமீட்டர் அளவில்தான் தூரம்.

ரயில்வே நிர்வாகத்தில் இது தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது.

ஒரு சின்ன கிராமத்துக்கு எதுக்கு ஜங்ஷன்? திருநெல்வேலியையே ஜங்ஷனா வச்சிருக்கலாமே?

பாதை போட்டவர்களின் கண் திருநெல்வேலி மேல் இல்லை, தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல் இருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர்கேஜ் பாதையை 1876-இல் திறந்தது. கரிசல் நிலத்துப் பருத்தி கப்பலேற வேண்டும், கொழும்புப் பயணிகள் கப்பலைப் பிடிக்க வேண்டும். மதுரை–தூத்துக்குடிதான் அன்றைக்கு முதன்மைப் பாதை. மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கு அந்தப் பாதையிலிருந்து ஒரு கிளை பிரித்தார்கள். பிரிந்த இடம் மணியாச்சி.

ஊர் பெரிதா சிறிதா என்பதை வைத்துச் சந்திப்பு அமைவதில்லை. பாதை பிரிவதற்குத் தோதான இடம் எது என்பதுதான் கணக்கு. திருநெல்வேலியும் பின்னால் சந்திப்பாக ஆனது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் பாதை 1904-இல் முழுமையானது, திருச்செந்தூர் கிளை 1923-இல் வந்தது. கிளைப்பாதையின் கடைசி ஊராக இருந்த திருநெல்வேலி அப்படி வளர்ந்து பெரிய நிலையமாகிவிட்டது. இன்று மதுரையிலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி போகும் வண்டிகள் அந்தப் பழைய "கிளை" வழியாகத்தான் ஓடுகின்றன.

இப்போ ஸ்டேஷன் பேரு மணியாச்சியா, வாஞ்சி மணியாச்சியா? ஆன்லைன்ல தேடினா கிடைக்கலையே?

ரயில்வே பதிவில் பெயர் "வாஞ்சி மணியாச்சி சந்திப்பு". சுதந்திரத்துக்குப் பிறகு வாஞ்சிநாதன் நினைவாகச் சேர்த்த பெயர் அது. ஊர்க்காரர்கள் இன்றும் மணியாச்சி என்றே சொல்வார்கள். முன்பதிவுத் தளத்தில் "வாஞ்சி" என்று தொடங்கித் தேடுங்கள், கிடைத்துவிடும். நிலையக் குறியீடு எம்.இ.ஜே. அது பழைய "மணியாச்சி ஜங்ஷன்" என்ற பெயரிலிருந்து வந்தது. பெயர் மாறியும் குறியீடு மாறவில்லை.

1911-ல அங்க என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியுடன் கொடைக்கானலுக்குக் கிளம்பினார். குழந்தைகள் அங்கே இருந்தார்கள். திருநெல்வேலியில் காலையில் ஏறி, பத்தரை மணி அளவில் மணியாச்சி வந்து சேர்ந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னை போகும் போட் மெயில் வருவதற்குச் சில நிமிடங்கள் இருந்தன. இருவரும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். அப்போது செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி, பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பிறகு இறங்கி ஓடி, நடைமேடையிலிருந்த கழிப்பறைக்குள் நுழைந்து தன்னையே சுட்டுக்கொண்டார். வயது 25. கூட வந்த சங்கரகிருஷ்ணன் தப்பி ஓடி, பின்னால் பிடிபட்டார்.

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 22-இல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்கவிருந்தது. அதை எதிர்த்துத்தான் இந்தச் செயல் என்று கடிதம் சொன்னது.

ஆஷை ஏன் குறி வச்சாங்க? அவர் என்ன செஞ்சார்?

இதற்கு 1906-இலிருந்து தொடங்க வேண்டும். தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக ஓட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை 1906-இல் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை ஓட்டினார். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். மார்ச் 12-இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் பெரும் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ஆஷ் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். சுதேசிக் கப்பலுக்கு எதிராக வெள்ளைக்காரக் கம்பெனியின் பக்கம் நின்றவர், வேலைநிறுத்தத்தை ஒடுக்க முனைந்தவர் என்ற கோபம் அவர் மேல் இருந்தது. பின்னால் அவரே மாவட்ட ஆட்சியராக வந்து உட்கார்ந்தார். வ.உ.சி. 1911-இல் சிறையில் இருந்தார். 1912 டிசம்பரில்தான் விடுதலையானார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். ஆஷ் காத்திருந்த போட் மெயில், கொழும்புக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளைத் தூத்துக்குடியில் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி. எந்தக் கடல்வழிக்காக வ.உ.சி. கப்பல் வாங்கினாரோ, அதே கடல்வழியின் தரைத் தொடர்ச்சிதான் அந்த வண்டி. மணியாச்சியை வெறும் சம்பவ இடமாக மட்டும் பார்த்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

போட் மெயில்னா இப்போ ராமேஸ்வரம் போற வண்டிதானே? அது எப்படி மணியாச்சிக்கு வந்துச்சு?

பெயர் ஒன்று, வழி வேறு. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை இலங்கைக்குப் போகும் ரயில்–கப்பல் வழி தூத்துக்குடி வழியாகத்தான் இருந்தது. பாலம் வந்த பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். கடல் தூரம் வெகுவாகக் குறைந்தது, போட் மெயிலும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. சென்னை–ராமேஸ்வரம் வண்டியை மக்கள் இன்றும் போட் மெயில் என்றுதான் அழைக்கிறார்கள்.

1914-க்கு முந்தைய மணியாச்சியை நினைத்துப் பார்த்தால், கிராமத்து நிலையமாக இருந்தாலும் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே போகிறவர்கள் எல்லாரும் கடந்த இடம் அது. வணிகர்கள், அதிகாரிகள் மட்டுமல்ல, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஆயிரமாயிரம் குடும்பங்களும் இந்தப் பாதையில்தான் போனார்கள். அடுத்த நிலையமான தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைத்துப் பரிசோதிக்கும் முகாம் இருந்தது. வாஞ்சியைத் தெரிந்த அளவுக்கு அந்த மக்கள் போன வழியாக மணியாச்சியை யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆஷ் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்ரகாரத் தெரு வழியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதாலதான் வாஞ்சி சுட்டார்னு படிச்சேன். உண்மையா?

இணையத்தில் மிகப் பரவலாகச் சுற்றும் கதை இது. பிரசவ வேதனையில் இருந்த பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்ரகாரம் வழியே கொண்டுபோனார் என்று சொல்வார்கள். அன்றைய போலீஸ் விசாரணையிலோ நீதிமன்ற வழக்கிலோ இப்படி ஒரு காரணம் பேசப்படவே இல்லை. ஆவணங்களைத் தேடிப் படித்த ஆய்வாளர்களும் இதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்கிறார்கள். ஆகவே இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகச் சாதியைப் பற்றிய கேள்வியே அநாவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே குறிப்பிட்ட கடிதத்தை முழுதாகப் படித்தால், அதில் நாட்டு விடுதலையும் சனாதன தர்மப் பாதுகாப்பும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அரசரை மிலேச்சன் (அந்நியரை இழித்துச் சொல்லும் சொல்) என்றும் பஞ்சமன் (தாழ்த்தப்பட்டவர்களைக் குறித்த சொல்) என்றும் இழித்துப் பேசுகிறது. அந்தச் சொற்கள் இன்றைக்குப் படிப்பவரை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். வாஞ்சி அந்நிய ஆட்சியை எதிர்த்து உயிர்விட்டார் என்பதும் உண்மை, அவர் எழுத்தில் சாதியப் பார்வை இருந்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு கதை கட்ட வேண்டியதும் இல்லை.

அந்த வழக்கு என்ன ஆச்சு? யாருக்காவது தூக்கு கிடைச்சுதா?

தூக்கு யாருக்கும் இல்லை. 14 பேர் மீது சதி வழக்கு நடந்தது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு சிறை. இன்னும் சிலருக்குக் குறைந்த தண்டனை. புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்த வ.வே.சு. ஐயர் வாஞ்சிக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. கொலைக்குப் பிறகு அவர், பாரதியார் உட்பட அங்கிருந்த அத்தனை பேர் மேலும் போலீஸ் கண்காணிப்பு இறுகியது.

பார்க்கணும்னு ஆசை. குழந்தைகளைக் கூட்டிட்டு வந்தா ஸ்டேஷன்ல என்ன இருக்கும்?

அருங்காட்சியகத்தை எதிர்பார்த்து வராதீர்கள். தினமும் வண்டிகள் வந்துபோகிற, வேலை நடக்கிற சந்திப்பு இது. 1911-இல் இருந்த மீட்டர்கேஜ் தண்டவாளமும் இப்போது இல்லை. 1990-களில் அகலப்பாதையாக மாறிவிட்டது. வண்டியில் வராமல் உள்ளே போய்ப் பார்க்க நடைமேடைச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. இரட்டைப் பாதையில் எதிர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி வரும்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் இந்த நிலையத்தை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம், கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி, அவரை 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிட்ட கயத்தாறு, பாரதி பிறந்த எட்டயபுரம் எல்லாம் இதே வட்டாரம்தான். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது, அவர் பெயரில் கட்டிய நினைவு மண்டபம் தூத்துக்குடியில் இருக்கிறது. வாஞ்சிக்கு மண்டபமும் சிலையும் செங்கோட்டையில். வழியில் கடம்பூரில் வண்டி நின்றால் போளி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் போளிக்குத் தனிப் பெயர் உண்டு.

மீட்டர்கேஜ் காலத்துல நாகர்கோவில்ல இருந்து நேரா மதுரைக்கு வர முடியாதுன்னு தாத்தா சொல்வார். அது ஏன்?

தாத்தா சொன்னது சரி. திருவனந்தபுரம்–நாகர்கோவில் பக்கம் போட்டது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். அது 1981-இல் திருநெல்வேலி வரை வந்து நின்றது. திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி, மதுரை வழியாகச் சென்னை போன பாதை அப்போது 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். பெட்டியின் சக்கரம் இரண்டுக்கும் பொருந்தாது. ஆகவே மூட்டை முடிச்சோடு திருநெல்வேலியில் இறங்கி அடுத்த வண்டியில் ஏற வேண்டியிருந்தது. மேலே சொன்ன அகலப்பாதை மாற்றம் மணியாச்சி வழியாக முடிந்த பிறகுதான் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு இந்த வழியில் ஒரே வண்டியில் உட்கார்ந்து போக முடிந்தது.

இப்போ எந்தெந்த வண்டி நிக்கும்?

கால அட்டவணையும் நிறுத்தங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் முழுப் பட்டியல் தரவில்லை. பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவை: சென்னை–தூத்துக்குடி முத்துநகர், தூத்துக்குடி–மைசூரு, சென்னை–குருவாயூர் விரைவு வண்டிகள் நிற்கின்றன. சாதாரணப் பயணிகள் வண்டிகளும் நிற்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் நிற்காது. கிளம்பும் அன்று 139 எண்ணிலோ ரயில்வேயின் வண்டி நிலவரச் செயலியிலோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிராமத்து நிலையத்தில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரிடும்.

மணியாச்சியில ரயிலை ரெண்டாப் பிரிப்பாங்களாமே? இன்னமும் உண்டா?

இருந்தது, இப்போது இல்லை. குருவாயூர் வண்டியோடு தூத்துக்குடிக்கான சில பெட்டிகளும் சேர்ந்து வரும். மணியாச்சியில் அவற்றைக் கழற்றி, தனி இன்ஜின் பூட்டித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவார்கள். நாகர்கோவில்–கோயம்புத்தூர் வண்டியிலும் தூத்துக்குடி இணைப்புப் பெட்டிகளை இங்கேதான் சேர்த்தார்கள். பெட்டியைக் கோப்பதும் கழற்றுவதுமாக நிலையம் சுறுசுறுப்பாக இருந்த காலம். தவறான பெட்டியில் உட்கார்ந்து ஊர் மாறிப்போனவர்களும் உண்டு.

கொரோனாவுக்குப் பிறகு இந்த இணைப்பு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பெட்டி சேர்த்துப் பிரிக்க நேரமும் ஆளும் ஆகிறது என்பது ரயில்வேயின் நியாயம். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது நேரடி இழப்பு. பல கோரிக்கைகளுக்குப் பிறகு 2024-இல் தூத்துக்குடி–மேட்டுப்பாளையம் வண்டி வந்தது, பாலக்காடு–திருநெல்வேலி பாலருவி வண்டியும் அதே ஆண்டு தூத்துக்குடி வரை நீண்டது. தினசரி கோவை இணைப்புக்கு வாரம் இருமுறை வண்டி ஈடாகாது என்று அவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடுதான்.

அண்ணாச்சி, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பஸ்ல ஒரு மணி நேரந்தான். ரயில் மட்டும் ஏன் மணியாச்சிக்குப் போய் நின்னுட்டுப் போகுது?

பாதை பிரியும் விதம் அப்படி. வடக்கே மதுரையிலிருந்து வரும் பாதை மணியாச்சியைத் தாண்டியதும் ஒரு கை தென்மேற்காகத் திருநெல்வேலிக்கும் மறு கை கிழக்காகத் தூத்துக்குடிக்கும் போகிறது. மதுரையிலிருந்து வரும் வண்டி எந்தக் கைக்கும் நேராகப் போய்விடும். திருநெல்வேலியிலிருந்து வரும் வண்டி தூத்துக்குடி போக வேண்டுமானால் மணியாச்சிக்குள் வந்து நின்று, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த திசையிலேயே திரும்பிக் கிளம்ப வேண்டும். இதற்கே கணிசமான நேரம் போய்விடும்.

சாலை வழி நேராக 50 கிலோமீட்டர் அளவு, ரயில் வழி வளைந்து 60 வரை வரும். அவசரம் என்றால் பஸ்தான் தோது. கட்டணம் முக்கியம், நிறைய சாமான் இருக்கிறது, வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் ரயில். நிலையத்துக்கு வெளியே ஒரு சுற்றுப் பாதை போட்டால் இன்ஜின் மாற்றும் வேலை மிச்சமாகும் என்று வெகுகாலமாகப் பேசுகிறார்கள். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் அப்படிப் போகும் வண்டி மணியாச்சிக்குள் வராது என்பதை இந்த ஊர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில தெரியாம தூத்துக்குடி வண்டில ஏறிட்டேன். டிக்கெட் திருநெல்வேலிக்கு. என்ன செய்யணும்?

பதற வேண்டாம். மணியாச்சி வரை இரண்டுக்கும் ஒரே பாதைதான். மணியாச்சியில் இறங்கி அடுத்த திருநெல்வேலி வண்டியில் ஏறுங்கள். முன்பதிவில்லாத சாதாரணச் சீட்டு என்றால் அதே வகுப்பில் போகலாம். அடுத்து வருவது அதிவிரைவு வண்டியாக இருந்தால், உங்கள் சீட்டு அதற்குச் செல்லுமா என்று முதலில் பாருங்கள். செல்லாவிட்டால் கவுன்டரில் வித்தியாசத்தைக் கட்டிய பிறகே ஏறுங்கள். பரிசோதகரிடம் மாட்டினால் குறைந்தது 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கட்டணமும் உண்டு.

மணியாச்சியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் அடுத்து நிற்கும் இடத்தில் இறங்கி, புதிதாகச் சீட்டு எடுத்துத் திரும்புவதே வழி. ஆகவே இரவு வண்டியில் வருபவர்கள் கோவில்பட்டி வந்ததுமே விழித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்க வரிசையில நிக்கணுமா? போன்லயே எடுக்கலாமா? பழைய பத்து ரூபா டிக்கெட் இன்னும் இருக்கா?

போனிலேயே எடுக்கலாம். முன்பதிவில்லாச் சீட்டு முன்பு ரயில்வேயின் யுடிஎஸ் செயலியில் கிடைத்தது. இப்போது 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் கிடைக்கிறது. நிலையத்துக்குள் வந்த பிறகு சாதாரண முறையில் எடுக்க முடியாது. அப்போது அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுப்பது நல்லது, ஆனால் வெகு முன்னதாக எடுக்காதீர்கள். 199 கிலோமீட்டர் வரையான சீட்டில், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள்ளோ, அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டியிலோ பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கொரோனாக் காலத்தில் பயணிகள் வண்டிகளை விரைவு வண்டி எனப் பெயர் மாற்றிக் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அது பழையபடி 10 ரூபாய் ஆனது. கூலி வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் போய்வருகிற குடும்பங்களுக்கு அந்த இருபது ரூபாய் எவ்வளவு பெரியது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை.

சென்னைக்கு முத்துநகர்ல தூத்துக்குடியில இருந்து டிக்கெட் போட்டுட்டேன். மணியாச்சியிலயே ஏறிக்கலாமா?

ஏறலாம், ஆனால் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். முன்பதிவுத் தளத்திலேயே மாற்றலாம், எந்த நேரம் வரை மாற்றலாம் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் விட்டால், தூத்துக்குடியில் நீங்கள் ஏறவில்லை என்று பரிசோதகர் உங்கள் படுக்கையை ஆர்ஏசி (முழுப் படுக்கை உறுதியாகாத) பயணிக்குக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. மாற்றிய பிறகு தூத்துக்குடியில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முடிந்தால் சீட்டையே வாஞ்சி மணியாச்சியிலிருந்து போடுங்கள். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

டபுள் லைன் வந்தாச்சே, வண்டி கூடியிருக்கணுமே?

மதுரை–மணியாச்சி–தூத்துக்குடி, மணியாச்சி–நாகர்கோவில் இரண்டு இரட்டைப் பாதைத் திட்டங்களுக்கும் மணியாச்சிதான் நடு இடம். வாஞ்சி மணியாச்சி–நாகர்கோவில் பாதையைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28-இல் தூத்துக்குடியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒற்றைப் பாதைக் காலத்தில் எதிர் வண்டிக்கு வழிவிட்டுச் சிறு நிலையங்களில் நின்று கிடந்தோமே, அது பெருமளவு ஒழிந்தது. சரக்கு வண்டிகளுக்கும் இது பெரிய வசதி. வ.உ.சி. பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் சரக்கு, வாஞ்சி பெயர் தாங்கிய இந்த நிலையத்தைத் தொட்டுத்தான் போகிறது.

ஆனால் பாதையின் கொள்ளளவு கூடுவதும், இந்த ஊரில் நிற்கும் வண்டி கூடுவதும் வேறு வேறு. முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

மதுரைக்கு அருப்புக்கோட்டை வழியா புது லைன் வருதாமே. அது வந்தா மணியாச்சி அவ்வளவுதானா?

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு நேராகப் போகும் அந்தப் பாதை மீளவிட்டானில் பிரிந்து மேல்மருதூர் பக்கம் போகிறது. அது முழுதாக முடிந்தால் தூத்துக்குடி–மதுரை வண்டிகள் சில மணியாச்சிக்கு வராமல் போகலாம். மதுரையிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில், கன்னியாகுமரி போகும் போக்குவரத்துக்கு முதன்மை வழி இதுதான், அது இங்கேதான் வரும். பேருந்தே அரிதான புது ஊர்களுக்கு ரயில் கிடைப்பதை மணியாச்சிக்காரர்கள் எதிர்க்க வேண்டியதில்லை.

எங்க ஊர்ல இன்னொரு எக்ஸ்பிரஸ் நிக்க என்ன செய்யணும்? எம்.பி.கிட்ட மனு கொடுத்தா போதுமா?

மனு தொடக்கம்தான். நிறுத்தத்துக்கு ஒப்புதல் தருவது ரயில்வே வாரியம். பெரும்பாலும் சோதனை அடிப்படையில் சில மாதங்களுக்கு நிறுத்தம் தருவார்கள். அந்தக் காலத்தில் அந்த நிலையத்திலிருந்து, அந்த வண்டிக்கு எத்தனை சீட்டு விற்றது என்று பார்ப்பார்கள். ஓடும் வண்டியை நிறுத்தி மறுபடி வேகமெடுக்க மின்சாரமும் நேரமும் செலவாகும். வருமானம் அந்தச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

பல ஊர்கள் சறுக்கும் இடம் இதுதான். மணியாச்சியில் ஏறுகிறவர் தூத்துக்குடியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சீட்டுப் போட்டால், ஆள் இங்கே ஏறினாலும் கணக்கு அந்த ஊர்ப் பெயரில் போய்விடும். மேலே சொன்ன ஏறும் நிலைய மாற்றத்துக்கும் அதே நிலைதான். சீட்டு தூத்துக்குடிச் சீட்டாகவே இருக்கும். சென்னைக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. ஊர்த் திருவிழா, பொங்கல், தீபாவளிக்கு வந்து திரும்புகிறவர்கள் புறப்படும் நிலையமாக வாஞ்சி மணியாச்சியையே போடுங்கள். உள்ளூர்ப் பயணத்துக்கும் சீட்டு இல்லாமல் ஏறாதீர்கள், பத்து ரூபாய்ச் சீட்டும் கணக்கில் ஏறும். மனு எழுதும்போது வண்டி எண், எந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை, எந்தக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் எத்தனை பேர் போகிறார்கள் என்ற விவரங்களை எழுதி, மதுரைக் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.